தட்டில் காட்டிய குடல்வால்

“ஒருத்தருக்கு ஒரு குடல்வால்தாம்மா. நீ மட்டும் இன்னா ஸ்பெஷலா?”

திண்டிவனத்தில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் வேலை செய்யும் நர்ஸ் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நான் வலது கையால் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நிமிர முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. விழுப்புரம் பக்கம் கெடார் கிராமத்தில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்பவர்கள். பத்தாவது முடித்ததும் நான் மேலே படிக்கப் போகிறேன் என்றபோது தெருவில் இதையேதான் கேட்டார்கள். கல்லூரியில் கணக்குப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தபோது கேட்டார்கள். விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறிய முதல் நாளும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ‘ஆமா, ஸ்பெஷல்தான்’ என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அந்தப் பதிலைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயம்.

இதை எழுதும் இன்று நான் முழுவதும் குணமாகிவிட்டேன் என்று சொல்ல முடியாது. வயிற்றில் இரண்டு முறை கத்தி வைத்தாயிற்று. மூன்றாவது முறை வைப்பார்களா, எப்போது வைப்பார்கள் என்பது இனிமேல்தான் தெரியும். நடுவில் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. என்னைப் போல வலியோடு போய், தழும்பைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்ட யாராவது இதைப் படிக்கக்கூடும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் குடல்வால் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் அப்பண்டீஸ் என்பார்கள். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வலப்பக்க அடிவயிற்றில், பை மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று தொங்குகிறது. அதன் ஒரு முனை பையில் திறக்கிறது, மறுமுனை மூடியிருக்கிறது. திறந்த வாய் எதனாலாவது அடைபட்டால் உள்ளே வீங்கிச் சீழ் பிடிக்கும். அப்படியே விட்டால் வெடிக்கும். வெடித்தால் குடலில் இருக்கும் அசுத்தம் எல்லாம் வயிற்றுக்குள் பரவும். ஆள் பிழைப்பது கஷ்டம்.

எனக்கு முதல் முறை அது வீங்கியது கல்லூரி இரண்டாம் ஆண்டில். அப்போது திண்டிவனத்தில் அரசு விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். விடுதிப் பிள்ளைகள் என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டு அந்த நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மா கெடாரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தாள். அன்றே அறுவை சிகிச்சை முடிந்தது. ஒரு வாரத்தில் எழுந்து நடந்தேன். வலப்பக்கம் சாய்வாக ஒரு தழும்பு, அவ்வளவுதான்.

அந்த நாளில் நடந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆபரேஷன் முடிந்ததும், கூட வந்தவர்களைக் கதவருகே கூப்பிட்டு, உடம்பிலிருந்து எடுத்ததை ஒரு தட்டில் வைத்துக் காட்டுவார்கள். கல் என்றால் கல்லை, கட்டி என்றால் கட்டியை. காட்டாவிட்டால் ஊரில் நம்ப மாட்டார்கள். ஆபரேஷன் முடிந்து வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே “எடுத்தத காட்னாங்களா?” என்பதுதான்.

அம்மாவுக்குக் காட்டினார்கள். வளைந்த எவர்சில்வர் தட்டில், ரத்தம் துடைத்த பஞ்சு மேல், சிவந்து வீங்கிக் கிடந்ததாம். அதற்குப் பிறகு அம்மா அந்தக் கதையைச் சொல்லாத இடமில்லை. களை எடுக்கும்போது சொல்வாள், ரேஷன் கடை வரிசையில் சொல்வாள். சொல்லும்போது வலது கையின் சுண்டுவிரலை நீட்டி, மற்ற விரல்களை மடக்கிக்கொள்வாள். “இத்தினியூண்டுதான். ஆனா எம்பொண்ண இன்னா பாடு படுத்திடுச்சி பாரு.” படிக்காத அம்மாவுக்கு டாக்டர்கள் தனியாகக் கூப்பிட்டுக் காட்டிய பொருள் அது. அவளுக்கு அதில் ஒரு பெருமை.

அந்தச் சுண்டுவிரல்தான் பிறகு எனக்கு எமனாக வந்தது.

இந்த வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் சமயம். எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் வட்டம் வரைந்துகொண்டிருந்தேன். தொப்புளைச் சுற்றி ஒரு வலி எழுந்தது. பிசைவது போல இருந்தது. மதியச் சோற்றைத் தொட முடியவில்லை, குமட்டல். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது வலி தொப்புளை விட்டு இறங்கி வலப்பக்க அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. தழும்புக்கு நேர் கீழே.

அந்த வலியை எனக்கு ஏற்கெனவே தெரியும். அது வந்த வழியும் அதுவேதான். ஆனால் வருவதற்குக் காரணமான பொருள் உள்ளே இல்லை.

“ம்மா, இது அதே வலி.”

“எதே வலி?”

“அப்பண்டீஸ் வலி.”

“அடியே, அதத்தான் எடுத்துட்டாங்களே. சூட்டு வலியா இருக்கும். மோரு குடி.”

மறுநாள் விழுப்புரத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் என்னைப் படுக்க வைத்து வலப்பக்கம் கை வைத்தார். தழும்பைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

“அப்பெண்டிக்ஸ் எடுத்தாச்சா?”

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “எடுத்தாச்சி சார். நானே எங்கண்ணால பாத்தன்.” சுண்டுவிரல் நீண்டது.

டாக்டரின் கை அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டது. பிறகு அது அங்கே திரும்பவே இல்லை. மாதவிலக்கு எப்போது, சிறுநீர் போகும்போது எரிகிறதா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேள்விகள் போயின. ஸ்கேன் எடுத்தார்கள். சினைப்பையில் சின்னதாக ஒரு நீர்க்கட்டி இருக்கிறது, குடல் பக்கத்தில் கொஞ்சம் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். குடல்வாலை யாரும் தேடவில்லை. எடுத்துவிட்ட ஒன்றை எதற்குத் தேட வேண்டும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தழும்பும் என் அம்மாவின் விரலும் ஒரே சாட்சியைச் சொன்னபோது அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

நுண்ணுயிர் கொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டதும் வலி கொஞ்சம் அடங்கியது. அதுதான் பயங்கரம். அந்த மாத்திரை நெருப்பை அணைக்கவில்லை, மேலே சாம்பலைப் போட்டு மூடியது. நான் பள்ளிக்குப் போனேன், விடைத்தாள் திருத்தினேன், ராத்திரி வலப்பக்கக் காலை மடக்கி வைத்துக்கொண்டு படுத்தேன். காலை நீட்டினால் உள்ளே எதுவோ இழுத்தது. ஃபோனில் தேடினேன். கோடியில் ஒருவருக்கு என்பது போலச் சிலருக்கு இரண்டு குடல்வால் இருக்கும் என்று ஓரிடத்தில் ஒரு வரி இருந்தது. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மாத்திரை தீர்ந்ததும் காய்ச்சல் ஏறியது. “கை வெச்ச டாக்டருக்குத்தான் உள்ள இருக்கிறது தெரியும்” என்று அம்மா என்னைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போனாள்.

அந்த டாக்டர் நல்ல மனிதர். என்னை அடையாளம் கண்டு, “டீச்சர் ஆயிட்டியா?” என்று கேட்டார். நான் அந்த ஃபோன் வரியைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நான்தானேம்மா எடுத்தேன். அடியோட கட்டி, வெட்டி எடுத்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஒருதடவ வயித்தத் திறந்தா உள்ள குடலு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதனால இப்படி வலி வரும். ட்ரிப்ஸ் போட்டுப் பாப்போம். கொறையலன்னா விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, லேட் பண்ணாதீங்க.”

ட்ரிப்ஸ் ஏற்ற வந்தபோதுதான் நர்ஸ் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். நீ மட்டும் இன்னா ஸ்பெஷலா?

ட்ரிப்ஸ் இறங்கி முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயிற்றில் ஊசி இறங்கியது. விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் ரோட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள் போட்டிருப்பார்கள், வண்டிகள் வேகம் குறைப்பதற்காக. பஸ் அவற்றின் மேல் தடதடவென்று ஏறியபோது நான் முன் சீட்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், துரு நாக்கில் பட்டது. பஸ் டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் நின்றது.

அங்கே, நின்றுகொண்டிருந்த பஸ்ஸில், வலி போய்விட்டது.

கையால் எடுத்தது போலப் போய்விட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். பல நாள் கழித்து முதுகு சீட்டில் பட்டது.

“ம்மா, வலி நின்னுபோச்சி.”

“பாத்தியா? நான் சொன்னனே. அவரு கைராசிடி.” அம்மா என் நெற்றியில் கை வைத்து, அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்தாள். நான் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அந்த இட்லியின் ருசி இன்றும் நினைவில் இருக்கிறது. வீங்கிப் புடைத்த ஒன்று வெடித்தால் முதலில் வருவது நிம்மதிதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்து படுத்தேன். கொஞ்ச நேரத்தில் குளிர் தொடங்கியது. பல் கிட்டியது. வயிறு முழுவதும் மெல்ல இறுகிக்கொண்டே வந்தது. அப்பா வேலையிலிருந்து வந்து என் வயிற்றைத் தொட்டார். “பலகையாட்டம் இருக்குதே” என்றார். வயலிலிருந்து மல்லாட்டைக் கொடி ஏற்றிக்கொண்டு வந்த குட்டியானை லோடு வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தி, கொடியை இறக்காமல் அதன் மேலேயே என்னைப் படுக்க வைத்தார்கள். ஆடு மாட்டுக்குப் போக வேண்டிய பச்சைக் கொடி எனக்கு மெத்தையானது. மண் வாசனையோடு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். அப்பா டிரைவரிடம், “ஜல்தி போ தம்பி, ஆனா மேட்டுல மெதுவா போ” என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் ஒரு பெண் சர்ஜன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். வயிற்றில் கை வைப்பதற்கு முன்பே அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“வண்டியில வரும்போது மேடு பள்ளத்துல ஏறினா வலிச்சுதா?”

“மத்தியானம் திண்டிவனத்துலருந்து வரும்போது வலிச்சிது மேடம். டோல்கேட்ல வலி நின்னுபோச்சி.”

“நின்னுபோச்சா?”

“ஆமா மேடம். சுத்தமா.”

அவர் பக்கத்தில் நின்ற இன்னொரு டாக்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் புரிந்துகொண்டேன். பரீட்சைத் தாளில் பிள்ளை பெரிய தப்புச் செய்திருப்பதைக் கண்டால் நானும் பக்கத்து டீச்சரை அப்படித்தான் பார்ப்பேன்.

“அப்பண்டீஸா இருக்குமோ மேடம்?” என்றேன்.

அம்மா அழுதுகொண்டே குறுக்கிட்டாள். “அத எடுத்தாச்சி டாக்டரம்மா. தட்டுல வெச்சிக் காமிச்சாங்க, நானே பாத்தன். இவ படிச்சிட்டு எதனா ஒளறிக்கினே இருக்கா.” சுண்டுவிரல் மறுபடி நீண்டது.

சர்ஜன் அந்த விரலைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “நீங்க பாத்தது நிஜம்தாம்மா. வெளிய வந்தத பாத்திருக்கீங்க. உள்ள இருக்கிறத நாங்க இப்பப் பாக்கணும்.”

சாயம் ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றுக்குள் சீழ் தேங்கியிருந்தது. பெருங்குடலின் பின்பக்கத்தில் வீங்கிய குழாய் ஒன்று தெரிந்தது. சர்ஜன் என்னிடம்தான் பேசினார், அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். “ரெண்டு காரணம் இருக்கலாம். முன்ன எடுத்ததுல அடிக்கட்டை கொஞ்சம் நீளமா தங்கி, அதுல சீழ் பிடிச்சிருக்கலாம். இல்லன்னா உனக்குப் பிறவியிலேயே ரெண்டாவது ஒண்ணு இருக்கணும். எதுவா இருந்தாலும் வெடிச்சிடுச்சு. வயித்த நடுவுல திறக்கணும். குடல் அழுகியிருந்தா அந்தப் பகுதியை எடுக்கணும். உடனே சேத்துத் தைக்க முடியாதபடி இருந்தா குடலோட முனையை வெளிய வைக்கணும்.”

“வெளியன்னா?” என்றார் அப்பா.

“வயித்து மேல ஒரு துளை போட்டு, அது வழியா. மலம் அங்க ஒரு பையில வரும். கொஞ்ச மாசத்துக்கு.”

சம்மதக் கையெழுத்துக்கு அப்பாவிடம் தாளை நீட்டினார்கள். நான் கை நீட்டி வாங்கினேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்பு வரை எல்லாத் தாள்களிலும் பெருவிரல் ரேகைதான் விழுந்திருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே. நான் முழுவதும் படித்தேன். உயிருக்கு ஆபத்து நேரலாம் என்ற வரியையும் படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போடுவது எவ்வளவு சுலபம் என்று அப்போது புரிந்தது. என் பெயரை எழுதினேன். கடைசி எழுத்து கோணிப் போனது.

அதற்குப் பிறகு நடந்தது அப்பா சொல்லித் தெரியும்.

அறுவை சிகிச்சை முடிய வெகுநேரம் ஆனதாம். கதவு திறந்து, “ரேவதி கூட வந்தவங்க யாரு?” என்று கூப்பிட்டார்களாம். அப்பாவும் அம்மாவும் போனார்கள். சர்ஜன் தட்டோடு நின்றார். குடலின் ஒரு துண்டு, அதன் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, கறுத்து, அடியில் ஓட்டை விழுந்த இன்னொரு குடல்வால். பக்கத்திலேயே முன்பு எடுத்ததன் அடிக்கட்டை, சுத்தமாக ஆறி, சின்னத் தழும்பாக. திண்டிவனத்து டாக்டர் செய்த வேலையில் குறையே இல்லை. அவர் எடுத்தது ஒன்று. இது வேறு ஒன்று.

அம்மா தட்டைப் பார்க்க மறுத்துவிட்டாளாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாளாம்: “வெளிய எடுத்தத எனக்கு எதுக்குக் காட்றீங்க? போன தடவையும் அதத்தான் காட்னாங்க. உள்ள இன்னும் இன்னா இருக்குதுன்னு காட்டுங்க.”

சர்ஜன் தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார் என்றார் அப்பா.

கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், வயிற்றின் இரண்டு பக்கமும் குழாய், வலப்பக்கம் ஒரு பை. பைக்குள் சிவப்பாக, ஈரமாக என் சிறுகுடலின் முனை. அது தானாக அசைந்தது. முதல் முறை பார்த்தபோது அலறிவிட்டேன். அதைத் தொட்டால் வலிக்காது, அதில் வலி அறியும் நரம்பு கிடையாது என்றார்கள். என் உடம்பின் ஒரு பகுதி எனக்கு வலிக்காமல் என் கண் முன்னால் அசைவதைப் போல அச்சமூட்டுவது வேறு எதுவும் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் கண்டமங்கலத்து அக்கா ஒருவர். பித்தப்பையில் கல். அவர்தான் என்னை முதலில் சிரிக்க வைத்தார். “எனக்குக் கல்லு, ஒனக்கு வாலு. ரெண்டு பேரும் சேந்து வெளிய போயி ஒரு அனுமாரு கோயிலு கட்டிடலாம், வா.” சிரித்தால் தையல் இழுத்தது. “சிரிக்க வெக்காதீங்கக்கா, பேஜாரா இருக்குது” என்றேன். “சிரிடி. வாலு போனாலும் வாயி இருக்குதில்ல” என்றார். மூன்றாம் நாள் அவர் கட்டில் காலியாக இருந்தது. வீட்டுக்குப் போய்விட்டார் என்றுதான் சொன்னார்கள். நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அந்த வார்டில் காலிக் கட்டிலைக் கண்டால் அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

பையை மாற்றும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே தலை சுற்றியது. பையின் ஒட்டும் தகட்டில் குடல் முனைக்கு ஏற்றபடி வட்டமாகத் துளை வெட்ட வேண்டும். பெரிதானால் தோல் வெந்துவிடும், சிறிதானால் குடல் நெரியும். அப்பா பாக்கெட்டில் இருந்த நாணயங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஐந்து ரூபாய் நாணயம் சரியாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அதை வைத்துப் பேனாவால் கோடு போட்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, கத்தரியால் மெல்ல மெல்ல வெட்டுவார். “வட்டம் சரியா வந்திருக்குதா டீச்சர்?” என்பார். அந்த ஐந்து ரூபாயை அவர் இன்றுவரை செலவு செய்யவில்லை.

காய்ச்சல் விட்ட பிறகு ஒருநாள் பெரிய டாக்டர் மாணவர்களோடு வந்தார். என்னைச் சுற்றி வெள்ளைக் கோட்டுகள். என் போர்வையை விலக்கப் போன மாணவனின் கையை நான் பிடித்துக்கொண்டேன். “முதல்ல என்னைக் கேளுங்க. நானே சொல்றேன்.” பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். பழைய சாய்வுத் தழும்பைக் காட்டி மாணவனிடம், “இது என்ன சொல்லுது?” என்று கேட்டார்.

“அப்பெண்டிக்ஸ் எடுத்தாச்சு சார்.”

“இல்ல,” என்றேன் நான். “ஒண்ணு எடுத்தாச்சுன்னு சொல்லுது.”

பெரிய டாக்டர் அந்த மாணவனைப் பார்த்து, “எழுதிக்கோ” என்றார்.

அன்றுதான் எனக்கு எல்லாம் விளக்கமாகச் சொன்னார்கள். குடல்வால் எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சிலருக்குப் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சிலருக்கு மேலே கல்லீரலுக்கு அடியில் இருக்கும், பித்தப்பை வலி போலத் தோன்றும். குடல் இடம் மாறிப் பிறந்தவர்களுக்கு இடப்பக்கம்கூட இருக்கும். மிக அபூர்வமாக இரண்டு இருக்கும். ஒரே அடியிலிருந்து இரண்டாகப் பிரிவது ஒருவகை. பெருங்குடலின் தொடக்கமே இரட்டையாக இருந்து ஒவ்வொன்றிலும் ஒன்று தொங்குவது இன்னொரு வகை. எனக்கு இருந்தது வழக்கமான இடத்தில் ஒன்று, கொஞ்சம் தள்ளிப் பின்புறத்தில் ஒன்று. முதலாவதை எடுக்கும்போது இரண்டாவது அமைதியாகப் படுத்திருந்தது. சின்னக் கீறல் வழியாக அது யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. இருந்த இடத்தையே எடுத்துவிட்டதால் இனி அங்கே ஒன்றும் இல்லை என்றார்கள்.

அதோடு முடித்திருக்கலாம். பெரிய டாக்டர் போன பிறகு சர்ஜன் மட்டும் என் கட்டிலருகே நின்றார்.

“இப்படிப் பிறக்கிறவங்கள்ல சில பேருக்கு வேற எதாவதும் ரெட்டையா இருக்கலாம், ரேவதி. பெருங்குடல்ல ஒரு பகுதி, சிறுநீரகம், கர்ப்பப்பை. அன்னிக்கு எடுத்த ஸ்கேன்ல சீழும் வீக்கமும் எல்லாத்தையும் மறைச்சிடுச்சு. உடம்பு தேறினதும் முழுசாப் பாக்கணும். பாத்த பிறகுதான் குடலை உள்ள வெச்சி மூடறது. பெருங்குடல் சரியில்லன்னா மூடறதே வேற மாதிரி ஆயிடும்.”

“மூட முடியாமயே போகலாமா மேடம்?”

“இப்பவே அதச் சொல்ல முடியாது.” அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் அது அவ்வளவு கனமாக இருந்தது.

அம்மா கட்டிலின் அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கர்ப்பப்பை என்ற சொல் மட்டும் அவளுக்குள் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் “எடுத்தத காட்னாங்களா?” என்று கேட்டபோது அவள் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அந்தச் சுண்டுவிரல் நீண்டதை அதன்பின் நான் பார்க்கவே இல்லை.

ஒருநாள் பை மாற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று கேட்டாள். “நான் பாத்தன் பாத்தன்னு சொல்லாம இருந்திருந்தா, மொத டாக்டரே அங்க கைய வெச்சிருப்பாரில்ல?”

“தெரியலம்மா” என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லி ஆறுதல் தருவதைவிட அடுத்த ஸ்கேனுக்கு அவளை என்னோடு கூட்டிக்கொண்டு போவது நல்லது என்று தோன்றியது.

பள்ளியில் என் இடத்துக்கு வேறு டீச்சர் வந்துவிட்டார். சேலை மடிப்புக்குள் பையை மறைத்துக்கொண்டு நடக்கப் பழகிவிட்டேன். இரவில் புரண்டு படுக்கும்போது உள்ளே எங்காவது சிறிதாக இழுத்தால் விழித்துக்கொள்கிறேன். அது வெறும் வாயுவா, அல்லது இன்னொன்று இருக்கிறதா என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு என் வயிற்றைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். அவகாசம் இருக்கும்போதே என் உடம்பு எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதை இப்போது தெரிந்துகொண்டேன். அது சொல்வதற்கு முன் நான் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

முழு ஸ்கேனுக்கு நாள் குறித்தபோது சர்ஜனிடம் ஒரு கோரிக்கை வைத்தேன். ஸ்கேன் ஓடும்போது வெளியறையில் இருக்கும் திரைக்கு முன்னால் என் அம்மாவை உட்கார வைக்க வேண்டும். வழக்கமில்லாத விஷயம். ஸ்கேன் அறைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. “அங்க இன்னா சினிமாவா ஓடுது? கறுப்பும் வெள்ளையுமா இருக்கும், அந்தம்மாவுக்கு இன்னா புரியும்?”

“புரியாதது எனக்குப் பழக்கம் தம்பி,” என்றாள் அம்மா. “இத்தினி நாளு புரியாமயேதான் பாத்துக்கினு இருந்தன். புரிய வெக்கிறதுக்கு எம்பொண்ணு இருக்கா.”

சர்ஜன் சரி என்றுவிட்டார்.

இதன் கடைசி வரிகளை ஸ்கேன் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனில் எழுதுகிறேன். உள்ளே இருப்பது எதுவாக இருந்தாலும் முதலில் என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். குடிக்கக் கொடுத்த சாயநீரைக் குடித்துவிட்டேன். கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை நானே மடக்கி மூடினேன். சுண்டுவிரலையும் சேர்த்து. அவள் எனக்கு முன்னால் உள்ளே போய், திரைக்கு நேராகப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.